ஆயா என்றால்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆயா வேலை பார்ப்பது கேவலம் என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. என் சித்தி பெரணமல்லூர் அங்கன்வாடியில் ஆயாதான். அவள் சம்பளத்தில்தான் இரண்டு பிள்ளைகள் பாலிடெக்னிக் முடித்தார்கள். என் கோபம் அந்த வேலை மேல் இல்லை. ஹேமநாத் என்கிற அந்த மனுஷன் மேல். இதை ஏன் எடுத்த எடுப்பில் சொல்கிறேன் என்றால், நான் ஏதோ ஆயாக்களை மட்டம் தட்டிவிட்டதாக எங்கள் ஊர் முள்ளிப்பட்டில் பாதிப் பேர் இன்னமும் பேசிக்கொண்டு திரிகிறார்கள். விஷயம் தெரியாமல் பேசுகிறவர்களுக்கு வாயை மூடிக்கொள்ளத் தெரிவதில்லை.

என் பெயர் பொன்னம்மாள். வயது இருபத்தெட்டு. இந்த வயசுக்காரிக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்காத ஆள் கிடையாது. அப்பாவைப் பெற்றவளின் பெயர் அது. வைத்தது சரி, கூப்பிடுவது யார்? மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அதனால் என் அம்மா காசியம்மாள், நான் பிறந்ததிலிருந்து என்னை ஆயா என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் பக்கம் ஆயா என்றால் பாட்டி. மாமியாரைப் பேரப்பிள்ளைகள் எப்படி அழைக்குமோ அதையே பேத்திக்கும் வைத்துச் சமாளிப்பது. "ஆயா, பால் பொங்குது பாரு." "ஆயா, ஜடைய பின்னிகினு ஜல்தி கெளம்பு."

பெயரை மட்டும் இல்லை, பெயரின் வாடையைக் கூட அம்மா சொல்ல மாட்டாள். கடையில் பொன்னி அரிசி என்று கேட்க மாட்டாள், "அந்த சன்ன அரிசி" என்பாள். பொன்னாங்கண்ணி அவளுக்குக் "கண்ணுக்கு நல்ல கீரை". கீரை விற்கும் சடையன் வேண்டுமென்றே வண்டியை நிறுத்தி, "எந்தக் கீரைம்மா? பேர சொல்லு, குடுக்கிறேன்" என்று வம்பிழுப்பார். அம்மா கையை நீட்டிக் காட்டுவாளே தவிர வாயைத் திறக்க மாட்டாள். கிழவி போய்ச் சேர்ந்து பத்து வருஷமாகியும் இதே கதைதான்.

எனக்கு அது பிடித்திருந்தது. சர்டிபிகேட்டில் இருப்பது ஊருக்கு, ஆயா என்பது அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் என்று ஒரு செல்லம். அதனால்தான் சேலை விற்க இன்ஸ்டாகிராமில் பக்கம் ஆரம்பித்தபோது யோசிக்காமல் 'ஆயா பட்டு' என்று பெயர் வைத்தேன். எங்கள் வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் அப்பா எல்லப்பன், ஆரணி முதலாளி கந்தசாமி தரும் பாவு நூலை நெய்கிறார். மற்றதில் அம்மா நெய்வது எங்கள் சொந்தப் பாவு. அவள் நெய்வதை நான் படம் பிடித்துப் போட்டு விற்பேன். பக்கத்தின் தலையில் 'ஆயா: பாட்டியின் மடி, அம்மாவின் குரல்' என்று எழுதியிருந்தேன். நல்ல வரி என்று எனக்கே பெருமை. அந்த வரியைப் படித்துவிட்டு அழுததாக ஒரு கோயம்புத்தூர் அம்மா மெசேஜ் அனுப்பினார்கள்.

ஹேமநாத்தைக் கூட்டிக்கொண்டு வந்தது கந்தசாமிதான். சென்னையில் டிசைனர், வெளிநாட்டுக்கெல்லாம் பட்டு அனுப்புகிறவர் என்றார். கைத்தறி ஜிப்பா, காலில் கோலாப்பூர் செருப்பு, தறிக்குழியைப் பார்த்ததும் கோயிலுக்கு வந்தவன் மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு. அப்பா அதிலேயே விழுந்துவிட்டார். அவன் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது அம்மா தறியிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஆயா, தம்பிக்கு டீ போட்டு எடுத்துகினு வா."

"யாருங்க ஆயா? வேலைக்கு ஆள் வெச்சிருக்கீங்களா?" என்றான்.

நான் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மாமியார் பெயர், சன்ன அரிசி, கண்ணுக்கு நல்ல கீரை, ஒன்று விடவில்லை. "வாவ்" என்றான். "பியூட்டிஃபுல்" என்றான். டீயை ஆற விட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டான். எனக்கு வாய் நீளம் என்று அப்பா அடிக்கடி சொல்வார், அன்றைக்கு அது நன்றாகவே நீண்டது.

அப்புறம் சில மாதங்களுக்குச் சத்தமே இல்லை. ஒரு நாள் காலையில் பார்த்தால் என் பக்கத்தைக் காணோம். வேறொருவர் பதிவு செய்த பெயரை நான் பயன்படுத்துகிறேனாம், புகார் வந்ததாம், முடக்கிவிட்டார்களாம். புகார் கொடுத்தது ஹேமநாத்தின் கம்பெனி. 'ஆயா ஃபைவ்' என்று புதுப் பட்டு வரிசை கொண்டுவருகிறார்கள், அதற்காக அந்த வார்த்தையை டிரேட்மார்க் வாங்கி வைத்திருக்கிறார்கள். மூன்று வருஷமாகச் சேர்த்த வாடிக்கையாளர்கள், ஆர்டர்கள், அம்மா நெய்த ஒவ்வொரு சேலையின் படமும் அதற்குள் மாட்டிக்கொண்டன. தறியில் பாதி நெய்த சேலை அப்படியே இருந்தது, விற்க இடம் இல்லை. போனை எடுத்தேன்.

"மேடம், நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்றான் ஹேமநாத். "அது எங்க லீகல் டீம் பண்ணது. பெர்சனலா எடுத்துக்காதீங்க."

"அந்தப் பேரு எங்க வீட்ல இருந்து நீ எடுத்துகினு போனது."

"ஒரு வார்த்தை யாருக்கும் சொந்தமில்லைங்க மேடம்."

"அப்ப உனக்கு மட்டும் எப்படி சொந்தமாச்சு?"

சிரித்தான். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. "ஆயா எவ்ளோ பெரிய வார்த்தைன்னு உங்களுக்கே தெரியாது" என்று எனக்கே பாடம் எடுத்தான். கண்காட்சிக்கு ஐந்து பெரிய அட்டைகள் அச்சடிக்கப்போகிறார்களாம், ஒவ்வொன்றிலும் ஒரு தேசத்து ஆயா. மாதிரியை எனக்கு அனுப்பிவைத்தான்.

பார்த்தேன். ஜப்பானில் ஆயா என்றால் சாய்கோடு ஓடும் பூவேலைப் பட்டுத் துணி. அரபியில் அடையாளம், அற்புதம், வேதத்தின் ஒரு வசனம். துருக்கியில் உள்ளங்கை. போர்ச்சுகலில் பெரிய வீட்டுப் பிள்ளைகளை வளர்க்கும் தாதி. ஐந்தாவது அட்டையில் 'இந்தியா' என்று போட்டு, கீழே இங்கிலீஷில் 'வேலைக்காரி' என்று இருந்தது. அதற்கும் கீழே தறிக்குழியில் உட்கார்ந்திருக்கும் என் அம்மாவின் படம்.

ஜப்பானுக்குப் பட்டு, அரபிக்கு அற்புதம், துருக்கிக்கு உள்ளங்கை, போர்ச்சுகலுக்கு மாளிகைத் தாதி. பட்டு நெய்கிற எங்களுக்கு வேலைக்காரி. அதுவும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து, எங்கள் டீயைக் குடித்து, பாட்டி என்று நான் வாய் கிழியச் சொன்னதைக் கேட்டுவிட்டு.

நான் சும்மா விடுகிறவள் இல்லை. அவன் சொன்னது சரியா என்று தேடித் தேடிப் படித்தேன். ஆரணி நூலகத்தில் இருந்த தடித்த அகராதிகளையெல்லாம் இறக்கச் சொன்னதில் நூலகருக்கு என்மேல் எரிச்சலே வந்துவிட்டது. நான்கு தேசத்து அர்த்தங்களும் சரிதான். ஒன்றுக்கொன்று உறவு இல்லாத பாஷைகள், ஒலி மட்டும் தற்செயலாக ஒத்துப்போகிறது. நம்முடையது 'ஆய்' என்கிற பழைய தமிழ்ச் சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். ஆய் என்றால் தாய். வேலைக்காரி என்கிற அர்த்தம் நம்முடையதே இல்லை, போர்ச்சுகீசியன் கப்பலில் கொண்டுவந்தது, வெள்ளைக்காரன் வீடு வீடாகப் பரப்பியது. இன்னொன்றும் கிடைத்தது. அந்தப் போர்ச்சுகீசியச் சொல்லே லத்தீனில் பாட்டியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்று ஒரு கட்சி சொல்கிறது. ஆக, எவனோ தன் பாட்டியை வேலைக்காரியாக்கி, கப்பலேற்றி இங்கே கொண்டுவந்து, எங்கள் பாட்டி தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறான். அதை ஹேமநாத் கண்ணாடி போட்டு மாட்டப் போகிறான்.

இதையெல்லாம் சொல்லி, "தமிழுக்குப் பாட்டின்னு போடு, என் பக்கத்தையும் திருப்பிக் குடு" என்று சண்டை பிடித்தேன்.

"பாட்டின்னா எல்லாரும் போடுறதுங்க மேடம், புதுசா இருக்காது. வேலைக்காரியில ஒரு கதை இருக்கு. உழைக்கிற கைகள்..." என்றான்.

"உழைக்கிற கை உன் கன்னத்துல விழும்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

மறுநாள் கந்தசாமி அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். ஹேமநாத் பெரிய பார்ட்டி, மகளை அடக்கி வை, இல்லையென்றால் அடுத்த பாவு வேறு வீட்டுக்குப் போய்விடும் என்கிற மாதிரி பேசினாராம். கடைசியில் ஒரு சமாதானம் பேசினார்கள். ஆரணிக் கல்யாண மண்டபத்தில் தொடக்க விழா. மேடையில் அம்மா ஏறி, வீட்டில் கூப்பிடுவது போல என்னை 'ஆயா' என்று ஒரு தரம் மைக்கில் கூப்பிட வேண்டும். மற்ற நான்கு தேசத்துப் பெண்கள் அந்த வார்த்தையைச் சொல்வது ஏற்கனவே வீடியோவில் இருக்கிறது, ஐந்தாவது நேரில் வேண்டுமாம். கூப்பிட்டுவிட்டால் புகாரை வாபஸ் வாங்கிக்கொள்வான், என் பக்கம் திரும்பி வரும். அட்டையில் ஒரு எழுத்தும் மாறாது.

அம்மாவிடம் சொன்னேன். தறியில் இருந்தாள். அட்டையில் இருந்ததையும் வாசித்துக் காட்டினேன்.

"வேலைக்காரின்னு போட்டுக்கிறாம்மா, உன் போட்டோவுக்கு கீழ."

"ம்."

"உனக்குக் கோவமே வராதா?"

"தார் தீந்துபோச்சி பாரு. இன்னொன்னு சுத்திக் குடு."

ஊடை நூல் சுற்றிய தாரை எடுத்துக் கொடுத்தேன். இந்த ஜென்மத்துக்குச் சூடு சொரணை கிடையாது என்று அன்று நினைத்தேன். வாய்விட்டும் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவள் தாரை மாட்டி, தறி நாடாவை ஓட்டிக்கொண்டே இருந்தாள். நான் என் கோபத்தை விழுங்கிக்கொண்டு சமாதானத்துக்குத் தலையாட்டினேன். பக்கம் திரும்பினால் போதும், அந்தச் சேலையாவது விற்கும்.

விழா அன்று காலையில் முள்ளிப்பட்டிலிருந்து வேன் வைத்து நெசவாளிகளைக் கூட்டிப் போனார்கள். மத்தியானச் சாப்பாடு உண்டு என்றதும் தெருவே கிளம்பியது. முதல் வரிசையில் அப்பா, அவர் பக்கத்தில் அவருடைய தங்கை, என் அத்தை ரேணுகாதேவி. அடுத்த வரிசையில் நான். ஐந்து அட்டைகளும் ஆளுயரத்துக்கு மேடையில் நின்றன. எங்கள் ஆட்களில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர்கள் ஐந்தாவது அட்டையைப் படித்துவிட்டு, படிக்காதவர்களுக்குச் சொல்லாமல் கம்மென்று இருந்தார்கள். சாப்பாடு இருக்கிறதே.

திரையில் ஜப்பான்காரப் பெண்மணி பட்டை விரித்து 'ஆயா' என்றார். அரபுப் பெண் சொன்னார். துருக்கிக்காரி உள்ளங்கையை விரித்துக் காட்டிச் சொன்னார். போர்ச்சுகல் கிழவி சிரித்துக்கொண்டே சொன்னார். ஒவ்வொருவரும் அவரவர் பாஷையில் அழகாகத்தான் சொன்னார்கள், அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பிறகு அம்மாவை மேடைக்கு அழைத்தார்கள். ஹேமநாத் கொடுத்த சேலையில் வந்தாள். அவன் மைக்கைக் கையில் கொடுத்தான்.

"அம்மா, வீட்ல உங்க பொண்ணை எப்படிக் கூப்பிடுவீங்களோ, அப்படியே கூப்பிடுங்க. இயல்பா."

அம்மா மைக்கைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"ஏய் பொன்னம்மா!" என்றாள். "இன்னாடி பாத்துகினு உக்காந்துகினு கீற? எழுந்து வாடி, பொன்னம்மா."

எங்கள் தெருப் பெண்கள் வாயில் கையை வைத்துக்கொண்டார்கள். மாமியார் பெயரைச் சொன்னதே பெரிசு. டி போட்டு, மைக்கில், அந்த மாமியார் பெற்ற மகனும் மகளும் முன்வரிசையில் இருக்கும்போது. ஹேமநாத்துக்கு மட்டும் என்ன நடந்தது என்றே புரியவில்லை. சிரித்த முகத்தோடு காத்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, அந்த வார்த்தைய சொல்லுங்க..."

"எந்த வார்த்தைப்பா?"

"ஆயா..."

"அது உன்துதான தம்பி. துட்டு கட்டி வாங்கிகினல்ல. நீயே வெச்சிகினு இரு."

அத்தை எழுந்து நின்று கத்தினாள். "எங்கம்மாவையா டின்னு கூப்புட்ற? நாக்கு அழுகிடும்டி உனுக்கு!"

"நான் என் பொண்ண கூப்டேன், ரேணுகா. அந்தப் பேர நீங்கதான வெச்சிங்க" என்று அம்மா மைக்கிலேயே பதில் சொன்னாள். சொல்லிவிட்டு மைக்கை நாற்காலி மேல் வைத்தாள், இறங்கி நடந்தாள். அப்பா எழுந்தார், யாரையும் பார்க்காமல் பின்வாசல் வழியாக வெளியே போனார். பின்வரிசையில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள், அதைப் பார்த்து நாலு பேர் சிரித்தார்கள்.

வாசலில் ஹேமநாத் என்னை மறித்தான். இப்போது முகத்தில் சிரிப்பு இல்லை. "டீல் முடிஞ்சுதுங்க. பக்கத்தை மறந்துடுங்க."

போடா என்றேன். அவனைப் போடா என்று சொல்லிவிட்ட சந்தோஷம் ரோட்டைத் தாண்டும் வரைக்கும்தான் இருந்தது. அம்மாவோடு ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் என் கோபமெல்லாம் அம்மா பக்கம் திரும்பிவிட்டது. ஒரே ஒரு வார்த்தை. இருபத்தெட்டு வருஷமாக ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்கிற வார்த்தை. ஒரு தரம் சொல்லியிருந்தால் பக்கம் வந்திருக்கும்.

"ஏம்மா இப்படி பண்ண? எல்லாம் போச்சு. அந்த ஆள் மேல கோவம்னா எங்கிட்ட சொல்லி இருக்கலாம் இல்ல?"

"அவன் மேல எனுக்கு இன்னா கோவம்? அவன் யாரு?"

"அப்புறம்? அவன் நம்ம வார்த்தைய அசிங்கப்படுத்தினான்னுதான நான் நாயா அலைஞ்சேன்? நீ ஆசையா கூப்புட்ற வார்த்தைன்னுதான..."

"ஆசையா கூப்புட்றேன்னு உனுக்கு யாரு சொன்னது?"

ஆட்டோவில் இருந்த இன்னொரு பெண்மணி வெளியே பார்க்கிற மாதிரி பாவனை செய்தாள். அம்மா அவளைப் பொருட்படுத்தவில்லை. மண்டபத்தில் பேசிய அதே குரலில் பேசினாள்.

"நீ பொறந்து தொட்டில்ல கெடந்த. நான் ஒரு நாள் மறந்துபோயி பொன்னுக்குட்டின்னு கொஞ்சிட்டேன். பேர்ல பாதிதான். அதுக்கே உங்காயா உப்ப அள்ளிகினு வந்து என் வாயில அடச்சா. முழுங்குன்னா. துப்பக் கூடாதுன்னு தாடைய புடிச்சிகினா. உங்கப்பா தறியில உக்காந்துகினு பாத்துகினேதான் இருந்தாரு. நாடாவக் கூட நிறுத்தல. பச்ச ஒடம்புக்காரி, தண்ணி கேட்டேன், குடுக்க விடல. அன்னிக்கி ஆரம்பிச்சது ஆயா. பயந்துகினு கூப்டேன். அவ செத்தப்பறமும் பழக்கம் போவல, அந்தப் பேரு வாய்க்கு வந்தா நாக்குல உப்பு கரிக்கும்."

எதற்கும் எனக்கு முதலில் வருவது கோபம்தான். அதுதான் வந்தது.

"இத ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல? நான் அத பேரா வெச்சி மூனு வருஷம் வித்தேன். பாட்டி மடின்னு எழுதி வெச்சேன். ஒரு வார்த்த சொல்லி இருந்தா வெச்சிருப்பேனா?"

"நல்லா வெச்ச. நான் குழியில உக்காந்து நெய்வேன், சேலைக்கு அவ பேரு. அந்தத் தம்பி வேலைக்காரின்னு எழுதுனான்னு எகிறி எகிறி குதிச்ச. அந்த வூட்ல நான் வேற இன்னாவா இருந்தேன்? என் பேர சொல்லி யாருனா கூப்ட்டு கேட்டுகிறியா? பெரணமல்லூரா, இங்க வா. பெரணமல்லூரா, அத எடு. நான் பொறந்த ஊர் பேரு."

"சொல்லாம எனக்கு எப்படிம்மா தெரியும்!"

"நீ கேட்டியா?" என்றாள் அம்மா. "ஜப்பான்ல இன்னான்னு கேட்ட. துருக்கில இன்னான்னு கேட்ட. லைப்ரரில போயி தூசி தட்டிகினு வந்த. பக்கத்துத் தறியில உக்காந்துகினு இருந்தேன். என்ன ஒரு வார்த்த கேட்டியா?"

ஆட்டோ முள்ளிப்பட்டு வந்து நின்றது. இறங்கினோம். ஆட்டோவில் இருந்தபடியே அந்தப் பெண்மணி அம்மாவின் கையை ஒரு தரம் தொட்டாள். தெருவில் இறங்கி நடந்தோம். அப்பா வீட்டுக்கு வந்திருந்தார், தறி ஓடும் சத்தம் வெளியே கேட்டது. வாசலில் நின்று நான் போனை எடுத்தேன்.

"புதுசா பக்கம் ஆரம்பிக்கணும். காசியம்மாள்னு வெக்கட்டுமா?"

"வெச்சிக்கோ" என்றாள் அம்மா. செருப்பைக் கழற்றிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். "எதுக்கும் காசின்னா ஜப்பான்ல இன்னான்னு பாத்துகினு வை."

உள்ளே போய்விட்டாள். அடுத்த நிமிஷம் தறிச் சத்தத்துக்கு மேலே அவள் குரல் கேட்டது. "பொன்னம்மா! அரிசி தீந்துபோச்சி. கடைக்குப் போயி பொன்னி அரிசி வாங்கிகினு வா!"

அப்பாவின் தறி நின்றது. நான் வாசலிலேயே நின்று போனில் அம்மாவின் பெயரை அடித்தேன். வேறு எதையும் தேடிப் பார்க்கவில்லை.